ஹேசல் டிக்கன்ஸ்: சுரங்க ஊர்ப் பாடகி. கேட்டவர்கள் வாருங்கள், பேசலாம்

பழையதட்டு எழுதியது:

இந்த மேற்கத்திய இசைப் பகுதியில் ஜாஸுக்கு இழை இருக்கிறது, ப்ளூஸுக்கு இருக்கிறது, பீட்டில்ஸுக்குத் தனியாக ஒரு கூட்டமே இருக்கிறது. கன்ட்ரி என்று யாராவது தொடங்கினால் ஜானி கேஷ், டாலி பார்ட்டன் என்ற இரண்டு பெயரோடு இழை தூங்கிவிடுகிறது. அதனால் இங்கே அதிகம் பேசப்படாத ஒருவரை எடுத்து வந்திருக்கிறேன்.

ஹேசல் டிக்கன்ஸ். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மெர்சர் கவுண்டி, அதில் மான்ட்காம் என்ற நிலக்கரி ஊர். 1925 ஜூன் 1 அன்று பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் எட்டாவது. அப்பா சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிப் போய்ப் பிழைத்தவர், பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையில் போதகரும் அவரே. பான்ஜோ வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் அந்தச் சபையில் வாத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆர்கன் கிடையாது, பியானோ கிடையாது, தொண்டை மட்டும்தான். வீட்டு ரேடியோவில் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியும் கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகளும். சகோதரர்கள் சுரங்கத்துக்குள்.

1950களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பால்டிமோர் போனார். தகர டப்பாத் தொழிற்சாலை, உணவகத்தில் பரிமாறும் வேலை, கடை வேலை. அங்கேதான் நாட்டுப்பாடகர் பீட் சீகரின் தம்பி முறையான மைக் சீகர் அறிமுகமானார், அவர் வழியாக ஆலிஸ் ஜெரார்ட். 1965இல் ஹேசலும் ஆலிஸும் சேர்ந்து பாடிய முதல் தட்டை ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பெண்கள் முன்னால் நின்று பாடி வந்த முதல் புளூகிராஸ் ஆல்பங்களில் அது ஒன்று. அப்போது ஹேசலுக்கு நாற்பது வயது. நம் ஊர் கணக்கில் பாடகிகள் ஓய்வு பெறுகிற வயதல்ல என்றாலும், தொடங்குகிற வயதும் அல்ல.

கேட்டவர்கள் யாராவது உண்டா? முதல் தடவையே பிடித்ததா?

மாண்டலின்பித்தன் எழுதியது:

உண்மையைச் சொல்லட்டுமா? பிடிக்கவில்லை. நான் புளூகிராஸ் கேட்பதே மாண்டலினுக்கும் பான்ஜோவுக்கும்தான். ஹேசலின் குரல் காதைக் கிழிக்கிறது. ஏற்ற இறக்கம் நயமாக இல்லை, மூக்கிலிருந்து வருகிறது, ஒரே அழுத்தம். அவர் சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்றார், நல்ல மனுஷி, எல்லாம் சரி. அந்த மரியாதையைப் பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாடகியாக மட்டும் எடைபோட்டால் எங்கே நிற்பார்?

செந்தாழை எழுதியது:

பித்தன் சார், நயமாக இல்லை என்று நீங்கள் சொல்வது அந்தப் பாணியின் இலக்கணம். அதைக் குறையாகப் பார்த்தால் பாதி மலைநாட்டுப் பாட்டையே தள்ளிவிட வேண்டியிருக்கும்.

பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபைகளில் பாடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்களா? முன்னே நிற்பவர் ஒரு வரியை வேகமாகச் சொல்வார். சபை முழுவதும் அதே வரியை இழுத்து இழுத்து ஒரே குரலில் பாடும். தாளம் போட யாரும் இல்லை. கோரஸ் பிரித்துப் பாடுவதும் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் வழியில் சுருதியை வளைத்துக்கொண்டு போய் ஒரே இடத்தில் சேர்வார்கள். எழுத்தறிவும் பாட்டுப் புத்தகமும் குறைவாக இருந்த காலத்தில் உருவான முறை. வாத்தியம் ஏதும் தாங்கிப் பிடிக்காததால் குரலே நேராக, கனமாக, அதிர்வு இல்லாமல் நிற்க வேண்டும். வரி முடிகிற இடத்தில் குரலைச் சட்டென்று மேலே தூக்கி முறித்துவிடுவார்கள். ஹேசல் பாடும்போது அந்த முறிப்பு வந்துகொண்டே இருக்கும். புளூகிராஸ் பாடகர் ரால்ஃப் ஸ்டான்லியும் இதே சபை மரபில் வந்தவர்தான். அவர் இதே குரலில் பாடும்போது பரவசப்படுகிறோம், பெண் பாடினால் காதைக் கிழிக்கிறதா?

மாண்டலின்பித்தன் எழுதியது:

அப்படியெல்லாம் இல்லை அக்கா. ஸ்டான்லியும் எனக்குக் கொஞ்சம் கசப்புதான்.

தேநீர்வேளை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புளூகிராஸ் என்றால் என்ன என்று யாராவது இரண்டு வரியில் சொன்னால் என் போன்றவர்கள் தொடர்ந்து படிப்போம்.

மாண்டலின்பித்தன் எழுதியது:

இது என் ஏரியா. கென்டக்கிக்காரர் பில் மன்றோ தன் இசைக்குழுவுக்கு புளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்தார். 1945இன் கடைசியில் அந்தக் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பான்ஜோவைப் பொரிந்து தள்ளும் வாசிப்போடு வந்து சேர்ந்தார். லெஸ்டர் ஃபிளாட் கிதாரும் பாட்டும், சப்பி வைஸ் ஃபிடில், மன்றோ மாண்டலின், கூட ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் இல்லை, மின்கிதார் இல்லை. இந்தச் சத்தத்துக்குத்தான் பின்னால் புளூகிராஸ் என்ற பெயர் நிலைத்தது. பாட்டில் முக்கியமான விஷயம், முதன்மைக் குரலுக்கு மேலே இன்னொரு குரல் உச்சத்தில் போகும். அதை டெனர் என்பார்கள். மன்றோவே அதைப் பாடுவார். கிட்டத்தட்ட கத்தல் எல்லையில் இருக்கும்.

பழையதட்டு எழுதியது:

நன்றி பித்தன். நீங்கள் கடைசியில் சொன்னதுதான் இங்கே முக்கியம். ஹேசலும் ஆலிஸும் பாடும்போது பெரும்பாலும் ஆலிஸ் முதன்மைக் குரல், ஹேசல் அதற்கு மேலே டெனர். அதாவது மன்றோவின் இடத்தில் ஹேசல். அதுவரை ஆண்கள் தொண்டை கிழியப் பாடிய உச்சக் குரல் வேலையை ஒரு பெண் தன் இயல்பான குரலில், ஆனால் அதே அழுத்தத்தோடு பாடுகிறார். இனிமையாகக் குழைத்துப் பாடியிருந்தால் அது வேறு இசையாகப் போயிருக்கும்.

பெண்கள் இந்த இசையில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மன்றோவின் குழுவிலேயே 1940களில் சாலி ஆன் ஃபாரஸ்டர் அக்கார்டியன் வாசித்திருக்கிறார். பெஸ்ஸி லீ மால்டின் பல பதிவுகளில் பேஸ் வாசித்திருக்கிறார். மேடையில் முன்னால் வந்து இது என் குழு, என் பாட்டு என்று நிற்பது வேறு விஷயம். ஹேசலும் முதலில் அப்படி நிற்கவில்லை. பால்டிமோர் மதுக்கடைகளில் சகோதரர்களோடும் மற்ற குழுக்களோடும் பேஸ் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். பேஸ்காரர் ஓரமாக நிற்பார், யாரும் பார்க்க மாட்டார்கள்.

1965 தட்டில் பான்ஜோ லாமர் கிரியர், மாண்டலின் டேவிட் கிரிஸ்மன். பித்தன், இந்தப் பெயர்களுக்காகவாவது ஒரு முறை கேளுங்கள்.

மாண்டலின்பித்தன் எழுதியது:

கிரிஸ்மன் இருக்கிறாரா! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

பால்டிமோர்வாசி எழுதியது:

வெகுநாளாக வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன், இந்த ஊர் பெயர் வந்ததால் எழுதுகிறேன். வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆள் நான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்பும் அப்பலாச்சிய மலைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பால்டிமோர், சின்சினாட்டி, டெட்ராய்ட், சிகாகோ என்று கிளம்பின. சுரங்கத்தில் இயந்திரம் வந்து ஆட்களைக் குறைத்தது ஒரு காரணம். இங்கே கப்பல் கட்டுமிடம், விமானத் தொழிற்சாலை, எஃகு ஆலை. மலையிலிருந்து வந்தவர்களுக்கு நகரத்தில் கிடைத்த பெயர் ஹில்பில்லி. இன்றைக்கு டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறார்கள், அன்றைக்கு அது வசவு. பேச்சைக் கேட்டவுடனே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். ஹேசல் மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மைக் சீகரைச் சந்தித்த கதை தெரியுமா? ஹேசலின் சகோதரர் ஒருவர் காசநோயால் மவுன்ட் வில்சன் மருத்துவமனையில் இருந்தார். மைக், மனசாட்சியின் பேரில் ராணுவ சேவையை மறுத்தவர். அதற்கு மாற்றாக அந்த மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தார். நோயாளிகளில் யாருக்காவது பழைய பாட்டு தெரியுமா என்று தேடியவர், டிக்கன்ஸ் குடும்பத்தைக் கண்டுபிடித்து அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துகொண்டார். சேகரிப்பாளர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார்கள். இங்கே மலையே நகரத்துக் குடித்தனத்துக்கு வந்திருந்தது.

வாரக் கடைசியில் எல்லோரும் மேரிலாந்தின் ரைசிங் சன் ஊரில் இருந்த நியூ ரிவர் ராஞ்ச், பென்சில்வேனியாவின் சன்செட் பார்க் என்ற திறந்தவெளி இசைப் பூங்காக்களுக்குப் போவார்களாம். மலைக் குடும்பங்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து மன்றோவையும் ஸ்டான்லி சகோதரர்களையும் கேட்ட இடம் அது. ஆலிஸ் இரண்டாவது வகை. சியாட்டிலில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், அப்பா அம்மா செவ்வியல் இசை ஆட்கள், ஆன்டியாக் கல்லூரியில் படித்தவர். இப்படி ஒரு ஜோடி அமைந்ததே அந்தப் பூங்காக் காலத்தால்தான்.

கரிசல்காரன் எழுதியது:

இழையின் முக்கியமான பகுதிக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான் தொழில் சுகாதாரத் துறை ஆள், அதனால் ஹேசலிடம் நான் போய்ச் சேர்ந்தது "பிளாக் லங்" (கருநுரையீரல் நோய்) பாட்டு வழியாகத்தான்.

நிலக்கரித் தூசியில் மிக நுண்ணியவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டும், தழும்பு சேர்ந்து சேர்ந்து நுரையீரல் இறுகும். குணமாக்க மருந்து கிடையாது. கரியை வெட்டும் இயந்திரங்கள் வந்த பிறகு உற்பத்தியோடு தூசியும் கூடியது. பல பத்தாண்டுகள் கம்பெனி டாக்டர்கள் இதைச் சுரங்கக்காரர் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்து, பெரிய ஆபத்தில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி மூச்சு முட்டிச் செத்தவர்களில் ஒருவர் ஹேசலின் அண்ணன் தர்மன் (Thurman). அவரைப் பார்த்துத்தான் ஹேசல் அந்தப் பாட்டை எழுதினார். வாத்தியமே இல்லாமல் பாடிய பதிவைக் கேளுங்கள். சாகப்போகிற தொழிலாளியே பேசுகிறார். கடைசியில் சவ அடக்கத்துக்கு முதலாளி சின்னப் பூங்கொத்தோடு வந்து நிற்கிறார். ஆவேசமாகக் கத்தும் வரி எதுவும் இல்லை. அந்தப் பூங்கொத்தை மட்டும் காட்டிவிட்டு விடுகிறார்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1968 நவம்பர் 20, மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்த 99 பேரில் 21 பேர் தப்பித்தார்கள், 78 பேர் போனார்கள். அவர்களில் 19 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் டோனி பாய்ல் அங்கே வந்து கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பாராட்டிப் பேசினார். சங்கத் தலைவர்! 1969 பிப்ரவரியில் நாற்பதாயிரம் பேர் அளவுக்கு வேலையை விட்டு வெளியே வந்து, கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு மாநில அரசைச் சட்டம் போட வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் கையெழுத்தானது. தூசியை ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராமுக்குள் வைக்க வேண்டும் என்று முதன்முதலாக வரம்பு வந்தது, பிறகு 2 ஆனது. மறுநாள் இரவு, சங்கத் தேர்தலில் பாய்லை எதிர்த்து நின்ற ஜாக் யப்லான்ஸ்கியை வீடு புகுந்து மனைவி, மகளோடு சுட்டுக் கொன்றார்கள். ஏவியது பாய்ல் என்று பிற்பாடு நீதிமன்றத்தில் நிரூபணமானது.

இந்த இரண்டுக்கும் ஹேசல் பாட்டு கட்டியிருக்கிறார், ஃபார்மிங்டனுக்கும் யப்லான்ஸ்கி கொலைக்கும். அப்புறம் 1973, 74இல் கென்டக்கி ஹார்லன் கவுண்டியில் புரூக்சைட் சுரங்க வேலைநிறுத்தம். பார்பரா காப்பிள் அங்கேயே தங்கிப் படம் பிடித்த "ஹார்லன் கவுண்டி யூ.எஸ்.ஏ." ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. அதில் ஹேசலின் குரல் திரும்பத் திரும்ப வரும். படம் முடிவதும் அவர் பாட்டில்தான்.

மாண்டலின்பித்தன் எழுதியது:

தோழர், எழுதியது அத்தனையும் மனதைத் தொட்டது. ஆனால் நான் முதலில் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நேற்று நடந்த கொலைக்கு இன்றைக்குப் பாட்டு எழுதினால் அது செய்தித்தாள். பாரம்பரிய இசை என்பது இருநூறு வருஷம் பல வாய்களில் தேய்ந்து வந்தது. ஹேசலை அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

செந்தாழை எழுதியது:

சார், உங்கள் கணக்கில் கன்ட்ரி இசையே பாரம்பரியத்துக்கு வெளியே போய்விடும். 1903இல் வர்ஜீனியாவின் டான்வில் ஊரில் தபால் ரயில் கவிழ்ந்தது. அதைப் பற்றிய பாட்டை 1924இல் வெர்னன் டால்ஹார்ட் தட்டில் பாடினார், பத்து லட்சக் கணக்கில் விற்ற முதல் கன்ட்ரி தட்டு என்று அதைத்தான் சொல்வார்கள். ரயில் கவிழ்ந்தால் பாட்டு, கப்பல் மூழ்கினால் பாட்டு, சுரங்கம் இடிந்தால் பாட்டு. அந்த ஊர்களில் செய்தி பரவியதே அப்படித்தான். நீங்கள் சொல்லும் இருநூறு வருஷப் பாட்டுகளிலும் பாதி, ஒரு காலத்தில் யாரோ யாரையோ ஆற்றங்கரையில் கொன்ற உள்ளூர்ச் செய்திதான்.

அதோடு, சுரங்கப் போராட்டத்தைப் பெண்கள் பாடுவது அந்தப் பக்கம் புதிதல்ல. ஹார்லனில் 1931 வேலைநிறுத்தத்தின்போது ஃபிளாரன்ஸ் ரீஸ் கட்டிய பாட்டு உலகம் முழுக்கப் போனது. கரிசல்காரன் சொன்ன அந்த ஆவணப்படத்திலேயே வயதான ரீஸ் வந்து அதைப் பாடுகிறார். ஆன்ட் மாலி ஜாக்சன், சாரா ஓகன் கன்னிங் என்று வரிசை இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கியது ஆண்கள். பிள்ளைக்குப் பால் இல்லை, கம்பெனிக் கடையில் கடன் ஏறுகிறது, வீட்டில் ஒருவர் இரவெல்லாம் இருமுகிறார் என்பதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது பெண்கள். ஹேசலின் பாட்டுகளும் அங்கே வீட்டுக்குள்ளிருந்துதான் வருகின்றன.

என்னைக் கேட்டால், அவர் மெட்டையோ பாடும் முறையையோ நவீனமாக்கவே இல்லை. அப்பாவின் சபையில் மரணத்துக்கும் மீட்புக்கும் பாடிய அதே இழுவையில் இழப்பீட்டுச் சட்டத்தைப் பாடினார். இதைவிடப் பாரம்பரியமான வேலை என்ன இருக்கிறது?

நிலா_வாசகி எழுதியது:

தாழை அக்கா, "டோன்ட் புட் ஹெர் டவுன், யூ ஹெல்ப்ட் புட் ஹெர் தேர்" பற்றியும் எழுதுங்கள். எனக்கு அதுதான் வாசல்.

செந்தாழை எழுதியது:

கன்ட்ரியில் மதுக்கடைப் பெண்ணைப் பற்றிய பாட்டுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் அவள் கெட்டுப்போனவள், பாடுகிற ஆண் ஏமாந்த நல்லவன். ஹேசல் அதே மதுக்கடைகளில் பேஸ் வாசித்துக்கொண்டு பக்கத்திலிருந்து பார்த்தவர். அவளை இழிவாகப் பேசுகிறாயே, அங்கே கொண்டுபோய் விட்டதில் உனக்கும் பங்கில்லையா என்று ஆணிடம் திருப்பிக் கேட்கிறது பாட்டு. மெட்டு மட்டும் சுத்தமான பழைய கன்ட்ரி. கண்ணை மூடிக் கேட்டால் வழக்கமான மதுக்கடைப் பாட்டு என்றே நினைப்பீர்கள், வார்த்தை காதில் விழும்வரை. 1973இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட "ஹேசல் அண்ட் ஆலிஸ்" ஆல்பத்தில் இருக்கிறது. அதே தட்டில் ஆலிஸ் எழுதிய "கஸ்டம் மேட் உமன் ப்ளூஸ்" இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

டொராண்டோக்காரன் எழுதியது:

முதல் பதிவில் 1925 என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருக்கும் பழைய இசைக் களஞ்சியத்தில் 1935 என்று இருக்கிறது. பத்து வருஷ வித்தியாசம் சின்ன விஷயம் இல்லையே?

பழையதட்டு எழுதியது:

பல பழைய குறிப்புகளில் 1935தான் இருக்கும். இன்றைக்கு ஏற்கப்படுவது 1925. அதன்படி 2011 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனில் இறந்தபோது அவருக்கு 85. இசைத் தொழிலில் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வது எங்கும் நடப்பது, அதற்கு மேல் அதில் துப்பறிய எனக்கு ஆர்வமில்லை.

தேநீர்வேளை எழுதியது:

இவ்வளவு பாட்டு எழுதியவர் பாட்டை வைத்தே பிழைத்தாரா? முதல் பதிவில் தொழிற்சாலை, கடை என்று வருகிறது. அதற்குப் பிறகு?

பழையதட்டு எழுதியது:

நல்ல கேள்வி. இந்த இழை தொடங்கியதற்கு உண்மையான காரணமும் அதுதான். நம்மில் பலர் பாடகர் வாழ்க்கை என்றால் முதல் தட்டு, புகழ், வீழ்ச்சி, மறுவருகை என்று ஒரு சினிமாக் கதையை எதிர்பார்க்கிறோம். ஹேசலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1965 தட்டு வந்த பிறகும் அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போனார். ஆலிஸோடு பதிவு செய்த இரண்டாவது தட்டை ஃபோக்வேஸ் 1973 வரை வெளியிடவே இல்லை. "வொர்க்கிங் கேர்ள் ப்ளூஸ்" பாட்டைக் கடை வேலை நேரத்திலேயே எழுதினார். பாட்டிலும் சம்பளம் போதாத, திங்கட்கிழமை பிடிக்காத ஒரு வேலைக்காரப் பெண்தான் இருக்கிறாள். கூலி வேலையைப் பற்றிப் பாடிய பலர் அதிலிருந்து வெளியேறிய பிறகு பாடினார்கள். இவர் உள்ளே இருந்துகொண்டே பாடினார்.

1960களின் நடுவில் ஆன் ரொமெய்னும் பெர்னிஸ் ஜான்சன் ரீகனும் தென்மாநிலங்களில் கறுப்பு, வெள்ளைக் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்றி ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம், அந்த மேடையே சிலருக்கு எரிச்சல். ஹேசலும் ஆலிஸும் அதில் போனார்கள். சொந்தப் பாட்டு எழுதும் துணிவு ஹேசலுக்கு அந்தப் பயணங்களில் வளர்ந்தது என்றுதான் நான் படித்த வரையில் புரிகிறது. 1976இல் ஜோடி பிரிந்தது. அதற்குப் பிறகு தனியாக ரவுண்டரில் 1980களில் மூன்று ஆல்பம். ஒரு திருமணம், அது விவாகரத்தில் முடிந்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

விருதுகள் எல்லாம் பின்னால் வந்தவை. 1993இல் சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் மெரிட் விருது பெற்ற முதல் பெண் அவர். 2001இல் தேசிய மரபுக் கலைஞர் ஃபெலோஷிப். புளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேமில் ஆலிஸோடு சேர்த்துப் பெயர் ஏறியது 2017இல், ஹேசல் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து. மற்றவர்கள் வாயில் அவர் பாட்டு நன்றாகவே ஓடியது. "மாமாஸ் ஹேண்ட்" பாட்டை லின் மாரிஸ் பாடி அது 1996இல் அந்தச் சங்கத்தின் சிறந்த பாட்டு விருதை வாங்கியது. டாலி பார்ட்டன் 1999 புளூகிராஸ் ஆல்பத்தில் "எ ஃப்யூ ஓல்ட் மெமரீஸ்" பாடினார். நவோமி ஜட், தானும் மகளும் சேர்ந்து பாடக் கற்றதே ஹேசல், ஆலிஸ் தட்டைக் கேட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறார். ஜட்ஸ் என்ற அந்தத் தாய்-மகள் கன்ட்ரி ஜோடி எத்தனை தட்டு விற்றார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும், விடுங்கள்.

கரிசல்காரன் எழுதியது:

"மாமாஸ் ஹேண்ட்" என்றதும் ஒன்று. வீட்டை விட்டு நகரத்துக்குக் கிளம்பும்போது அம்மாவின் கையை விட்ட அந்த நேரம்தான் பாட்டு. போராட்டப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், மேற்கு வர்ஜீனியாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் எழுதியதை மட்டும் வைத்தே ஒரு ஆல்பம் போடலாம். போராளி என்று மட்டும் எழுதினால் இது விட்டுப்போகிறது. ஜான் சேல்ஸின் "மேட்வான்" படத்திலும் அவர் வருகிறார், 1920இல் அந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய படம். சவ அடக்கத்தில் நின்று பாடுவார். நடிப்பு என்றே தோன்றாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, தரவிறக்க இணைப்புகளைப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஃபோக்வேஸ் தட்டுகளை ஸ்மித்சோனியன் நிறுவனம் இன்னமும் விற்பனையில் வைத்திருக்கிறது, இணையச் சேவைகளிலும் கேட்கலாம். திருட்டுப் பிரதி வேண்டாம்.

நிலா_வாசகி எழுதியது:

இன்றைக்குத்தான் கேட்க ஆரம்பிக்கிறேன் என்பவர்களுக்கு எதைச் சொல்வீர்கள்?

செந்தாழை எழுதியது:

"ப்ரிட்டி பர்ட்". ஹேசல் தனியாக, வாத்தியம் இல்லாமல். லின்டா ரான்ஸ்டட்டும் லாரி லூயிஸும் சேர்ந்து பாடிய பதிவு ஒன்று உண்டு, அதை முதலில் கேட்டுவிட்டு ஹேசலுக்கு வாருங்கள். அங்கே இரண்டு பயிற்சி பெற்ற குரல்கள் அழகாகப் பின்னிக்கொண்டு போகும். இங்கே அந்த மெட்டுக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மாண்டலின்பித்தன் எழுதியது:

கேட்டேன். 1965 தட்டையும் முழுதாகக் கேட்டேன். கிரிஸ்மன் அப்போது இருபது வயதுப் பையன், ஆனாலும் கை சுத்தம். லாமர் கிரியர் அதே ஆண்டில் மன்றோவின் குழுவில் சேர்ந்தவர் என்பது வாசிப்பிலேயே தெரிகிறது, ஒரு சுரம் அதிகம் வைக்க மாட்டார். இரண்டு குரலும் சேரும் இடங்களில் வாத்தியங்கள் ஒதுங்கி வழி விடுவதைக் கவனித்தேன். அந்த ஜோடிப் பாட்டு எனக்குச் சம்மதம். ஹேசல் தனியாகப் பாடுவது இன்னும் ஒத்துவரவில்லை. "ப்ரிட்டி பர்ட்" பாதியில் நிறுத்திவிட்டேன். செய்தித்தாள் விஷயத்தில் தாழை அக்கா சொன்ன ரயில் உதாரணம் வலுவானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு வந்து மறுபடி சண்டை போடுகிறேன்.

பால்டிமோர்வாசி எழுதியது:

பித்தன் சாருக்கு ஜோடிப் பாட்டு சம்மதம் என்றால் 2018இல் வந்த "சிங் மீ பேக் ஹோம்: தி டி.சி. டேப்ஸ்" தொகுப்பைத் தேடுங்கள். 1965 முதல் 1969 வரை இருவரும் வீட்டில் பழகும்போது பதிவு செய்த நாடாக்கள். தட்டுக்காகப் பாடியது அல்ல, அதனால் புளூகிராஸ் வேகமும் இல்லை, பின்னால் குழுவும் இல்லை. தலைப்புப் பாட்டே கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டுடையது. அன்றைய ரேடியோ கன்ட்ரியை அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பது மேடைப் பதிவுகளைவிட இதில் நன்றாகத் தெரியும். ஆலிஸுக்குத் தனி இழை வேண்டும் என்பது என் கோரிக்கை. 1987இல் ஓல்ட் டைம் ஹெரால்ட் என்ற பத்திரிகையைத் தொடங்கியவர், எண்பது வயதில் கிராமி பரிந்துரை வரை போனவர். பழையதட்டு, நீங்கள் தொடங்குகிறீர்களா, நான் தொடங்கட்டுமா?

பழையதட்டு எழுதியது:

நீங்களே தொடங்குங்கள். ஊர்க்காரர் நீங்கள்தானே.